வீட்டு முயற்சோடி: தெரிவும் இணக்கமும்

நுவரெலியா மாவட்டத்தின் மரக்கறிச் செய்கையாளர் வீடுகளிலும், ஹட்டன், தலவாக்கலை முதலிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்ட லயங்களிலும், பிள்ளைகளின் விருப்பத்துக்காக முயல் வளர்ப்போர் உளர். ஒன்று தனித்திருந்தால் வாடிவிடும் எனக் கருதி இரண்டாக வாங்குவதே வழக்கம். வாங்கிய அன்றே இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுவிடுவர். சில வாரங்கள் யாதொரு தொல்லையும் தோன்றுவதில்லை. பின்னர் ஒருநாட் காலையில் பெட்டியினுள் உரோமம் சிதறிக் கிடக்கும். ஒன்றின் காது கிழிந்திருக்கும். அல்லது, இரண்டும் பெண் என்று சொல்லி விற்கப்பட்டவற்றுள் ஒன்று குட்டிகளை ஈன்றிருக்கும்.

இவ்விரு நேர்வுகளிலும் பிழை முயல்களுடையதன்று. சந்தையிலிருந்து கொண்டுவரப்படுவன இரண்டு முயல்களேயன்றி ஒரு சோடியன்று. தக்கவற்றைத் தெரிந்தெடுத்து, உரிய வயதிற் சிகிச்சை செய்வித்து, சில வாரங்கள் பொறுமையோடு பழக்கிய பின்னரே அவை சோடியாகின்றன. இப்பிரசுரம் அம்முறையை விளக்குகின்றது. இறைச்சிக்காகவோ விற்பனைக்காகவோ முயல் பெருக்குவது வேறு தொழில். அது இங்கே கூறப்படவில்லை. நன்கு பேணப்படும் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உயிர்வாழும். ஆறு வயதுப் பிள்ளைக்காக இன்று வாங்கப்படும் முயல், அப்பிள்ளை உயர்தர வகுப்பில் கற்குங் காலத்திலும் கூட்டில் இருக்கக்கூடும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் நன்று.

முயலின் இயல்பு

வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் காட்டு முயலாகும். அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அக்கூட்டத்தில் ஆண்களுக்குள் ஒரு மூப்பு வரிசையும் பெண்களுக்குள் ஒரு மூப்பு வரிசையும் உண்டு. தன் கூட்டத்தாரோடு உடலொட்டிப் படுத்து ஒன்றையொன்று நக்கிச் சீர்செய்யும் முயல், வேற்று முயல் தன் எல்லைக்குள் வரின் கடித்து விரட்டும். தோழமையை நாடுதலும் எல்லையைக் காத்தலும் அதன் இரத்தத்தில் ஒருங்கே உள்ளன. இவற்றுள் முன்னையதை மட்டும் அறிந்து பின்னையதை மறப்பதனாலேயே பெட்டிக்குட் போர் மூள்கின்றது.

தோழமை முயலுக்கு எத்துணை வேண்டியது என்பது ஆய்வினாலும் அறியப்பட்டுள்ளது. 2008 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுகூடத்துப் பெண்முயல்கள் பாரமேற்றிய கதவைத் தள்ளியே தாம் வேண்டியதை அடையுமாறு வைக்கப்பட்டன. பாரத்தைக் கூட்டிக்கொண்டே சென்றபோது, உணவுக்காக எவ்வளவு முயன்றனவோ ஏறத்தாழ அவ்வளவு மற்றொரு முயலின் அருகாமைக்காகவும் முயன்றன. தனி முயல் நோயின்றி இருப்பதனால் அது நலமாயிருக்கின்றது என்று கொள்ளற்க. பல மணி நேரம் ஒரே மூலையிற் குந்தியிருத்தலும், கம்பியை ஓயாது கடித்தலும் தனிமையின் அறிகுறிகளாகலாம்.

ஹோர்ட்டன் சமவெளியிலும் பற்றைக்காடுகளிலும் மாலைவேளையிற் காணப்படும் நம் நாட்டுக் காட்டு முயல் முற்றிலும் வேறான உயிர். அது வளை தோண்டுவதில்லை. பெரும்பாலும் தனித்து வாழ்வது. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றிக் கண்மூடிப் பிறக்கும். வீட்டு முயலின் உயிரணுவில் 44 நிறமூர்த்தங்களும் காட்டு முயலினதில் 48 நிறமூர்த்தங்களும் உள்ளமையால் இவையிரண்டும் இனங்கலப்பதில்லை. தேயிலைச் செடிகளுக்கடியிற் கண்டெடுத்த காட்டு முயற்குட்டியை வீட்டு முயலுக்குத் துணையாகக் கொண்டுவருதல் தவறு. அக்குட்டி கைவிடப்பட்டதன்று, தாய் அதனை ஒளித்துவைத்து, பால் கொடுக்கும் வேளைக்கே திரும்பி வரும். கண்ட இடத்திலேயே விட்டுச் செல்க.

மலைநாட்டின் குளிர் வீட்டு முயலுக்கு ஒத்தது. இங்கிலாந்திலிருந்து மாடும் ஆடும் கொணர்வித்து 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் பண்ணை தொடங்கிய சாமுவேல் பேக்கர் எதை எண்ணி இம்மலையைத் தெரிந்தாரோ, அதுவே முயலுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் கோடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் செம்மறியாடுகளோடு முயல்களும் வளர்க்கப்படுகின்றன. முயல் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையிற் செழிக்கும். 28 பாகைக்கு மேற்படின் துன்புறும். ஆகவே நுவரெலியாவில் அஞ்சவேண்டியது குளிரையன்று, ஈரத்தையும் ஊதற்காற்றையுமேயாம்.

தெரிந்தெடுத்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்குதல் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் குட்டி அழகாயிருப்பதனாலேயே சந்தையில் விரைவில் விலைபோகின்றது. எனினும், வேளைக்கு முன் தாய்ப்பால் மறக்கச்செய்த குட்டியின் குடல் முதிராததாகையால், புதிய இடமும் புதிய தீனியும் சேர்ந்தவுடன் கழிச்சல் கண்டு சில நாட்களில் அது இறந்துபோகக்கூடும். சந்தைக் கூடையில் வாங்குவதினும், தாய் முயலைக் காட்டக்கூடிய ஒரு வளர்ப்பாளரிடம் வாங்குதல் மேல்.

முயலை ஐந்து நிமிடம் தொடாமற் பார்த்திருந்து பின்னரே கையிலெடுக்க. சுகமான முயல் மூக்கை இடைவிடாது அசைத்துக்கொண்டு சூழலை ஆராயும். மூக்கும் கண்ணும் ஒழுகலின்றி இருத்தல் வேண்டும். விற்போர் மூக்கைத் துடைத்துவைக்கலாம். முன்கால்களின் உட்புறத்தைத் துடைத்துவைக்க எண்ணுவோர் மிகச் சிலர். சளியுள்ள முயல் முன்காலால் மூக்கைத் துடைப்பதனால் அவ்விடத்து உரோமம் ஒட்டிச் சடைத்திருக்கும். காதின் உட்புறத்திற் பொருக்குத் திரண்டிருப்பின் அது சொறிப்பூச்சியின் வேலை. உதட்டை விலக்கிப் பார்க்கின் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைச் சற்றே மூடியிருத்தல் வேண்டும். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது. கோணிய பற்கள் தேயாமல் நீண்டு, இறுதியில் முயலைப் பட்டினியில் ஆழ்த்தும். வாலின் கீழ்ப்புறம் உலர்ந்து சுத்தமாயிருத்தலும், புழுக்கைகள் உருண்டு தனித்தனியாயிருத்தலும் குடல் நலத்துக்குச் சான்றாகும்.

இனத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டியதில்லை. நியூசிலாந்து வெள்ளை இனம் வளர்ந்தபின் 4 முதல் 5 கிலோகிராம் வரை நிறுக்கும். சிறிய டச்சு இனம் இரண்டரைக் கிலோகிராமைத் தாண்டுவதில்லை. பெரியதும் சிறியதும் இணங்கி வாழ்தல் இயலும். உடலளவினும் சுபாவமே முக்கியமானது. இரண்டும் முரட்டு முயல்களாயின் இணக்கம் அரிது; ஒன்று முந்துவதும் மற்றொன்று விட்டுக்கொடுப்பதுமாயின் வேலை பாதியாகும்.

ஆண் எது, பெண் எது

இது எளிதன்று, அனுபவமுள்ளோரும் தவறுவதுண்டு. முயலை மடியில் மல்லாத்தி, பின்னுடலைத் தாங்கிக்கொண்டு, குறியின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்தினால் உட்புறம் வெளிப்படும். ஆணில் அது வட்டமான துளையையுடைய சிறு குழாய் போன்றும், பெண்ணில் நீண்ட பிளவு போன்றும் தோன்றும். குறிக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட தூரம் ஆணிற் கூடுதலாக இருக்கும். எட்டு வாரக் குட்டியில் இவ்வேறுபாடு தெளிவற்றது. பத்துப் பன்னிரண்டு வாரங்களில் ஆணின் விதைகள் இறங்கிப் புலப்படும். ஆகையால் மூன்று மாதம் நிறையும்போது மறுமுறை பார்த்தல் கட்டாயம். மல்லாத்தும்போது முயலை உதறவிடலாகாது; பின்காலை வன்மையாக உதைப்பதனால் அதன் முதுகெலும்பே முறிவதுண்டு.

இப்பரிசோதனையைத் தவறவிடுவதன் விளைவு சிறிதன்று. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஈன்ற அன்றே அது மீண்டும் சினைப்படக்கூடியது. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் இருப்பின், ஈற்றுக்கு ஐந்து குட்டியென வைத்துக்கொண்டாலும், 93 நாட்களில் மூன்று ஈற்றும் பதினைந்து குட்டிகளும் ஆகும். முதல் ஈற்றின் பெண்குட்டிகள் நான்கு மாத வயதிலேயே சினைப்படத் தொடங்கலாம். ஓயாது ஈனும் தாய் எலும்பும் தோலுமாகும். ஒரு லய அறையிற் குட்டிகளுக்கும் இடமிராது.

மிகுந்த குட்டிகளைத் தேயிலைக் காட்டிலோ மரக்கறிப் பாத்திகளுக்கப்பாலோ கொண்டுபோய் விடுதல் எவ்வாற்றானும் ஆகாது. அவற்றுட் பல நாய்க்கும் கீரிக்கும் இரையாகும். எஞ்சியவை பிழைத்துப் பெருகுமாயின் அது இன்னும் கேடு. 1859 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பார் வேட்டைக்காகத் தம் நிலத்தில் விட்ட சில முயல்களின் வழித்தோன்றல்கள், ஒரு கண்டத்தின் பயிரையும் மேய்ச்சலையும் அழித்தன. மேற்கு அவுஸ்திரேலியாவிலே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு வேலி கட்டியும் அவற்றைத் தடுத்தல் இயலவில்லை. கோவாப் பாத்தி வைத்திருப்போருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எவ்விரண்டைச் சேர்ப்பது

நலமடித்த ஓர் ஆணும், கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட ஒரு பெண்ணும் சேர்ந்த சோடியே எல்லாவற்றுள்ளும் நிலைத்தது. ஒரே ஈற்றில் வந்த இரு பெண்கள் இணங்கி வாழ்தலும் உண்டு. ஆயினும் பருவமடையும் நான்காம் ஐந்தாம் மாதங்களில் உடன்பிறப்பு என்ற உறவு அவற்றுக்கு நினைவிருப்பதில்லை. நலமடிக்கப்படாத இரு ஆண்களை ஒரு கூட்டில் வைத்தல் ஒருகாலும் கூடாது. அவை ஒன்றன் விதையை மற்றொன்று கடித்தறுக்கும் அளவுக்குப் போரிடும். முயலுக்குத் துணையாகக் கினிப்பன்றியை வைப்பதும் தக்கதன்று. முயலின் ஓர் உதை கினிப்பன்றியைக் கொல்லப் போதுமானது.

சிகிச்சை என்றவுடன் வளர்ப்போர் தயங்குவது இயல்பே. சிறுவிலைக்கு வாங்கிய முயலுக்கு இத்துணைச் செலவா என்று கேட்பதும் நியாயம். ஆனால் இதனை இனப்பெருக்கத் தடையாக மட்டும் எண்ணலாகாது. கருப்பை அகற்றப்படாத பெண்முயல்களுக்கு வயதேற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருதல் மிகுதி. சில இனங்களில் நான்கு வயதைக் கடந்தவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்நோய் காணப்பட்டுள்ளது. செலவை ஏற்க இயலாதோர் ஆணை மட்டுமாவது நலமடிப்பித்தல் வேண்டும்; அது செலவு குறைந்ததும் எளியதுமான சிகிச்சை. அதற்கும் வழியில்லையாயின், இரண்டு கூடுகளை அருகருகே வைத்துக் கம்பிவலையினூடாக ஒன்றையொன்று காணவும் முகரவும் விடுதலே செய்யத்தக்கது. ஆண்முயலையும் பெண்முயலையும் நம்பிக்கையின் பேரில் ஒரே கூட்டில் விட்டு வைத்தல் வேண்டாத சிக்கனம்.

ஆணுக்கு நான்கு மாதம் நிறைந்த பின்னும், பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு மாதமானபின்னும் சிகிச்சை செய்விக்கலாம். முயலுக்கு மயக்கமருந்து கொடுப்பது நாய்க்குக் கொடுப்பது போன்றதன்று. அதிற் பழக்கமுள்ள வைத்தியர் யாரென்று அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்தறிக. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலையும் உண்டு. நுவரெலியாவிலிருந்து கம்பளை வழியாக அங்கே இறங்கிச் செல்வோர், மலையிற் குளிர்ந்திருந்த முயல் கீழ்நாட்டு வெயிலில் தவிக்கும் என்பதை மறவாது விடியற்காலையிற் புறப்படல் வேண்டும். சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடலாகாது. முயலுக்கு வாந்தியெடுத்தல் இயலாது. அதன் குடலோ ஓய்ந்திருத்தல் ஆகாதது. நாய்க்குரிய அறிவுரையை எவரேனும் முயலுக்குங் கூறினால் வைத்தியரை மறுபடி கேட்க.

நலமடித்த ஆண் அன்றே மலடாகிவிடுவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை அது சினைப்படுத்தும் ஆற்றலுடையதாயிருக்கும். அக்காலம் கழியும்வரை பெண்ணோடு சேர்க்கற்க. உடலில் ஊறிய பருவ வெறியும் அதற்குள் தணியும்.

இணக்குதல்

காத்திருக்கும் அவ்வாறு வாரங்கள் வீணாவதில்லை. புதிய முயலை முதல் இரண்டு வாரம் வேறிடத்தில் வைத்து நோயேதும் இல்லையெனக் கண்டபின், இரண்டு கூடுகளையும் அருகருகே கொண்டுவருக. கம்பிவலைகளுக்கிடையே மூன்று அங்குல இடைவெளி விடுதல் வேண்டும்; அன்றேல் மூக்கும் விரல்களும் கடிபடும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஒன்றன் படுக்கை வைக்கோலில் ஒரு பிடியை மற்றதன் கூட்டில் இடுக. ஒரு வாரத்தின் பின் முயல்களையே கூடு மாற்றிவிடுக. முயல் உலகத்தை அறிவது பெரும்பாலும் மூக்கினால். மற்றதன் மணம் தன் வீட்டு மணமாகிவிடின், அம்மணத்தையுடையதைப் பகையென்று கொள்ளாது. தீனியை இருபுறமும் வலையோரத்திலேயே வைக்க. முதலில் ஒன்று தின்னும்போது மற்றொன்று முறைக்கும். பிறகு இரண்டும் தத்தம் தீனியைத் தின்னும். அதன்பின் வலையோரத்தில் ஒன்றுக்கொன்று இணையாகப் படுக்கத் தொடங்கும். இவ்வடையாளம் காணுமுன் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

முதற் சந்திப்பு இருவருக்கும் உரிமையில்லாத இடத்தில் நிகழவேண்டும். இதுவே முறையின் உயிர்நாடி. ஒன்றன் கூட்டில் மற்றதைக் கொண்டு விடுதல், அயலவனை இரவில் வீட்டினுள் இறக்கிவிடுதலை ஒக்கும். லயத்தில் வாழ்வோருக்கு வேற்றிடம் எங்கே என்ற கேள்வி எழலாம். முயல்கள் முன்பு காணாத எந்த இடமும் போதும். அடுத்த வீட்டு இஸ்தோப்பின் ஒரு மூலையை நான்கடிக்கு நான்கடி பலகையால் மறைத்துக்கொள்ளலாம். வழுக்கும் சீமெந்துத் தரையில் முயல் கலவரமடையுமாகையாற் சாக்கு விரிக்க வேண்டும். உரம் வந்த சாக்கு உதவாது. வீட்டில் விருந்தினர் நிறைந்திருக்கும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இதனைத் தொடங்காதிருத்தல் நல்லது. நாயைக் கட்டிவைக்க. பிள்ளைகள் பார்த்திருக்கலாம், ஓசையிடலாகாது.

முதல்நாள் பத்து நிமிடமே போதும். அருகில் ஒருவர் தடித்த கையுறையணிந்து, கையில் ஒரு சுளகுடன் அமர்ந்திருத்தல் வேண்டும். சண்டை மூண்டால் இடையிற் செருகுவதற்கே சுளகு. வெறுங்கையை நீட்டினால் முயலின் பல் எலும்புவரை பாயும்.

பார்த்திருப்போருக்கு எது சண்டை, எது பழக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று கவனியாததுபோல் முகங்கழுவுதலும், தனித்தனியே தரையை முகர்தலும் நல்ல அறிகுறிகள். ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் முகத்தருகே நீட்டுமாயின், தன்னை நக்குமாறு கேட்கின்றது என்பது பொருள். ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறுதல் காமமென்று நினைத்து வளர்ப்போர் உடனே பிரித்துவிடுவர். நலமடித்த முயல்களில் அது மூப்பை நிலைநாட்டுதலேயாகும். சில விநாடிகள் விட்டு மெல்ல இறக்குக. தலைப்புறமாக ஏறினால் மட்டும் தாமதியாது விலக்க வேண்டும். கீழிருப்பது மேலிருப்பதன் குறியைக் கடித்துவிடக்கூடும். சிறு துரத்தலும் ஒரு வாய் உரோமம் பிடுங்குதலும் பொறுக்கத்தக்கவை. காதுகள் முதுகோடு படிந்து, வால் விறைத்து நிமிர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று வட்டமிடத் தொடங்கின் அடுத்த நொடியிற் பாய்ச்சல் நிகழும். சுளகை இடையிலிடுக. அன்றைய சந்திப்பு அத்துடன் முடிந்தது. மறுநாள் நேரத்தைக் குறைத்து மீண்டும் தொடங்குக.

அமைதியாக முடிந்த சந்திப்பே அடுத்ததற்கு முதலாகையால், சண்டைக்குப் பின்னன்றி ஏதேனும் ஒரு நல்ல வேளையிற் பிரித்தெடுத்தல் நன்று. முள்ளங்கி இலையைக் குவித்து வைத்து இரண்டும் தின்று முடித்தவுடன் எடுப்பது எளிய வழி. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுக. சில சோடிகள் நாலைந்து நாளில் இணங்கும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதமும் செல்லும். அச்சமூட்டினால் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணி, இரண்டையும் ஒரு பெட்டியிலிட்டுக் குலுங்கும் வாகனத்திற் கொண்டு திரிவோர் உண்டு. அங்கே அவை ஒட்டிக்கொள்வது அச்சத்தினாலேயன்றி நட்பினாலன்று. வீட்டுக்கு வந்ததும் அது கலையும்.

சண்டையின்றி இரண்டு பகலும் இரண்டு இரவும் கண்காணிப்பிற் கழிந்து, ஒன்றையொன்று நக்கி, உடலொட்டி உறங்கியமை கண்டபின்னரே ஒரே கூட்டில் வைக்கலாம். அக்கூட்டைக் காடி கலந்த நீராற் கழுவிப் பழைய மணத்தைப் போக்கி உலர்த்துக. அன்று முதல் அவற்றைப் பிரித்தல் ஆகாது. ஒன்றை வைத்தியரிடம் கொண்டுசெல்ல நேரின் மற்றதையும் உடன்கொண்டு செல்க. ஒருநாள் மருந்து மணத்தோடு திரும்பும் முயலை அதன் துணையே வேற்று முயலெனக் கொண்டு கடித்தல் உண்டு. அவ்வாறாயின் வலையோரத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும்.

தீனி

மரக்கறித் தோட்டத்தில் முயலுக்குத் தீனி தேடுதல் எளிது என்பது பொது எண்ணம். ஆனால் நுவரெலியாத் தோட்டத்திலேயே முயலைக் கொல்லக்கூடியவை பல உள. லீக்ஸ், வெங்காயம், வெள்ளைப்பூண்டு ஆகியவை முயலின் இரத்தத்தைக் கெடுக்கும். லீக்ஸ் துப்புரவாக்கிய கழிவை ஒரு தாளும் இடலாகாது. உருளைக்கிழங்கின் கொடியும் முளையும் பச்சை படிந்த கிழங்கும், தக்காளி இலையும் நஞ்சு. கோவாவின் வெளியிலைகள் கழிக்கப்படுவன என்பதனால் முயலுக்குக் கொடுக்கப்படுகின்றன. மருந்து தெளிக்கும்போது மிகுதியாக நனைவதும் அவ்விலைகளே. மருந்துப் போத்தலிற் குறித்த இடைவேளை கழிந்திராத பாத்தியிலிருந்து எதனையும் கொடுக்கக்கூடாது. கழுவினாலும் உட்புகுந்த மருந்து போகாது. சுத்தமான கோவா இலையாயினும் மிகுந்தால் வயிறூதும். கரட் கிழங்கு முயலுக்கு உயிர் என்பது படக்கதைகளில் வந்த எண்ணம். அது இனிப்புமிக்கதாகையால் வாரத்துக்கு இரண்டொரு துண்டே போதும். கரட்டின் இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முயலின் உணவிற் பெரும்பங்கு புல்லும் உலர்புல்லுமாதல் வேண்டும். அம்பேவெலவில் மாடுகள் மேயும் கிக்குயுப் புல்லும் கினிப்புல்லும் தக்கவை. மழைக்காலத்தில் அறுத்த ஈரப்புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும். அடுப்பங்கரையின் மேற்பரணில் மெல்லப் பரப்பி உலர்த்துக. வலப்பனை, ஹங்குராங்கெத்தை வயல்களிலிருந்து வரும் வைக்கோல் படுக்கைக்கு மிக உகந்தது, பூஞ்சணம் பிடியாதிருப்பின். புதிதாக வந்த முயலுக்குத் தீனியைத் திடீரென மாற்றாது, முன்னையதோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுக. இரவில் முயல் தன் மெல்லிய புழுக்கையைத் தானே வாங்கித் தின்பதைக் கண்டு அருவருத்தல் வேண்டாம். இருமுறை செரித்தாலன்றி உணவின் சத்தை அதனாற் பெறல் இயலாது.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருக்கும் முயலை நாளை பார்ப்போமென்று விடலாகாது. அன்றே வைத்தியரிடம் காட்டுக. வீட்டிலிருக்கும் பெனிசிலின், அமொக்சிசிலின் முதலிய மாத்திரைகளை முயலின் வாயிலிடுதல் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். குடலின் நன்னுண்ணுயிர்கள் அவற்றால் அழிந்துவிடும். நாய்க்குத் தெள்ளுப்பூச்சிக்காகப் பூசும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சே. சொறிக்கும் பூச்சிக்கும் முயலுக்கேற்ற மருந்தை வைத்தியரே தருதல் வேண்டும்.

கூடு

இரண்டு முயலுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் மூன்றடி உயரமுமுள்ள இடம் விரும்பத்தக்கது. அத்துணை இடமில்லாதோர் சிறிய உறங்குபெட்டியோடு, நாளுக்குச் சில மணி நேரம் அடைப்புக்குள் ஓடவிடும் ஒழுங்கு செய்க. நிலத்திலிருந்து இரண்டடியாவது உயர்த்திக் கட்டுக. கம்பித்தளம் பாதத்தைப் புண்ணாக்குமாகையாற் பலகையிட்டு வைக்கோல் பரப்புதல் வேண்டும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுமாதலாற் கூட்டின் முதுகு அத்திசையை நோக்கியிருக்கட்டும். தை மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் முன்புறத்தைச் சாக்கால் மூடிக் காற்று வர ஓரளவு இடம்விடுக. தண்ணீர்க் கிண்ணம் உறைந்துள்ளதா எனக் காலையிற் பார்க்க. ஒளிந்துகொள்ளும் பெட்டிகளும் தீனித் தட்டுகளும் இரண்டிரண்டாக இருத்தல் வேண்டும். பெட்டிக்கு இரண்டு வாயில் இருப்பின், ஒன்று மற்றதை உள்ளே மடக்கிக்கொள்ள மாட்டாது. கீரி, மரநாய், பாம்பு, தெருநாய் ஆகியவற்றுக்குத் தாங்கும் உறுதியான வலையும் தாழ்ப்பாளும் தேவை.

கூட்டின் அடியிற் சேரும் புழுக்கையும் சிறுநீர் ஊறிய வைக்கோலும் மரக்கறிச் செய்கையாளருக்குக் கிடைக்கும் வரவு. மாட்டெருவிலும் நைதரசன் மிகுந்த இவ்வெருவைச் சில மாதம் மக்கவைத்துப் பாத்திக்கு இடுக. இரண்டு முயலின் எரு ஓர் ஏக்கருக்குப் போதாது. வீட்டுத் தோட்டத்தின் முள்ளங்கிப் பாத்திக்குப் போதும்.

ஒன்று இறந்தால்

சோடியுள் ஒன்று முதலில் இறத்தல் தவிர்க்க முடியாதது. இறந்த உடலை உடனே அகற்றி விடாமல், தொற்றுநோயால் இறக்கவில்லை என அறிந்தால், சில மணி நேரம் உயிருள்ளதன் அருகே இருக்க விடலாம். அது முகர்ந்தும் நக்கியும் பார்த்துப் பின்னர் தானே விலகும். அவ்வாறு பாராதது நாள்கணக்காகத் துணையைத் தேடுதலும் தீனி தள்ளுதலும் உண்டு. அந்நாட்களில் அதற்கு விருப்பமான இலைகளைக் கொடுத்து, எவ்வளவு தின்றது என ஒவ்வொரு வேளையும் பார்த்து வருக. புதிய துணையை எப்பொழுது கொண்டுவருவதென்பது அதன் வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. முதிர்ந்த முயலுக்குத் துள்ளும் குட்டியைச் சேர்ப்பதினும், நலமடித்த நடுவயது முயலொன்றைத் தேடுதல் தகும். தீனி தின்னத் தொடங்கிய முயலுக்கு ஓரிரு வாரத்தில் வலையின் மறுபுறம் அப்புதிய கூட்டை வைக்கலாம்.